வயிற்றுக்குள் இருப்பவர்களுக்கும் சோறு போடு! மும்பைத் தங்கச்சிகளுக்கு அக்காவின் 10 டிப்ஸ்

தாராவியோ, மாட்டுங்காவோ, செம்பூரோ, தங்கச்சிகள் அக்காவிடம் கேட்பது பெரும்பாலும் மூன்று கேள்விதான். வயிறு ஏன் இப்படி உப்பிக்கொள்கிறது? டிவியில் காட்டுகிற புரோபயாட்டிக் பாட்டிலை வாங்கலாமா? பிள்ளைக்கு லூஸ் மோஷன், கெமிஸ்ட் எடுத்துக் கொடுத்த மாத்திரையைக் கொடுக்கலாமா? மூன்றுக்கும் பதில் குடலுக்குள் வாழும் நுண்ணுயிர்க் கூட்டத்திடம் இருக்கிறது.

அந்தக் கூட்டம் எவ்வளவு பெரியது என்று 2016-இல் விஞ்ஞானிகள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 70 கிலோ எடையுள்ள ஒருவர் உடம்பில் சொந்தச் செல்கள் சுமார் 30 லட்சம் கோடி, பாக்டீரியாக்கள் சுமார் 38 லட்சம் கோடி. அத்தனையும் சேர்ந்து எடை சுமார் 200 கிராம்தான். பெரும்பகுதி இருப்பது பெருங்குடலில். நமக்குச் செரிக்காத நார்ச்சத்தைத் தின்று, பியூட்டிரேட் போன்ற அமிலங்களைத் திருப்பித் தருகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கியமான சாப்பாடே அந்த பியூட்டிரேட்தான்.

இவை நேற்று வந்தவை இல்லை. மனிதன், சிம்பன்சி, போனபோ, கொரில்லா ஆகியோரின் குடல் பாக்டீரியாக்களை ஒப்பிட்டு 2016-இல் வந்த ஓர் ஆய்வு, முன்னோர்கள் கிளை பிரிந்தபோதே சில பாக்டீரியா வம்சங்களும் கூடவே கிளை பிரிந்திருப்பதைக் காட்டியது. தலைமுறை தலைமுறையாக நம்மோடு வளர்ந்தவர்கள் என்று அர்த்தம்.

அக்கா சொல்ல வருவது இவ்வளவுதான்: புதிதாக யாரையும் விலை கொடுத்து வாங்கிக் குடிவைக்க வேண்டாம். இருப்பவர்களுக்குச் சாப்பாடு போடு, காரணமில்லாமல் விரட்டாதே.

1. வாரத்துக்கு ஒரு புதுப் பயறு, ஒரு புதுக் கீரை

ஒவ்வொரு பாக்டீரியாவுக்கும் பிடித்த நார் வேறு. தினமும் அரிசி, உருளைக்கிழங்கு, பாவ் என்று ஓட்டினால் சிலருக்கு மட்டும்தான் பந்தி. போபாலிலும் கேரளத்திலும் ஆரோக்கியமான 110 பேரை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வில், தாவர உணவே அதிகம் சாப்பிடும் போபால்காரர்களின் குடலில் பிரிவோடெல்லா என்ற வகை ஓங்கியிருந்தது. மீனும் இறைச்சியும் கலந்து சாப்பிடும் கேரளத்தவரிடம் கூட்டத்தின் அமைப்பே வேறு. தாய்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த மோங், கரேன் மக்களைப் பற்றிய 2018 ஆய்வில், போய்ச் சேர்ந்த சில மாதங்களிலேயே அவர்களுடைய குடலில் இருந்த வகைகள் குறையத் தொடங்கியது தெரிந்தது. ஊரை விட்டு வந்து வடாபாவ், பிஸ்கட், நூடுல்ஸ் என்று மாறிக்கொள்கிற நமக்கும் இது பொருந்தாமல் போகாது.

மும்பையில் இதைச் சரிசெய்வது சுலபம், செலவும் குறைவு. மராத்திக்காரப் பக்கத்து வீட்டுக்காரி சமைப்பதைக் கற்றுக்கொள்: மட்கிப் பயறு உசல், வால் பயறு, சோள ரொட்டியான ஜவார் பாக்ரி, லால் மாட் என்ற சிவப்புக் கீரை. நாச்னி என்று அவள் சொல்வது நம் கேழ்வரகுதான். மாட்டுங்கா மார்க்கெட் பக்கம் போனால் வாழைத்தண்டு, வாழைக்காய், சின்ன வெங்காயம், முருங்கைக்கீரை வாங்கி வா. வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள ஃப்ரக்டான் என்ற நாரும், வாழைக்காயில் உள்ள செரிக்காத மாவுச்சத்தும் பெருங்குடல்வாசிகளுக்கு விருந்து. காயும் பழமும் சேர்த்து ஒரு நாளைக்கு ஆளுக்கு 500 கிராம் என்பது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு.

2. வாயு வந்தால் பயந்து நிறுத்தாதே

பயறு சாப்பிட்டால் வாயு வருகிறது என்றால் உள்ளே இருப்பவர்கள் வேலை செய்கிறார்கள் என்று பொருள். ராஃபினோஸ் போன்ற சர்க்கரைகளை நம்மால் செரிக்க முடியாது, அவர்கள் செரிப்பார்கள், அதில் வாயு பிறக்கும். ஒரே நாளில் கிண்ணம் நிறையச் சாப்பிடாமல் இரண்டு கரண்டியில் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் அளவைக் கூட்டு. ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவை. முளைகட்டினால் அந்தச் சர்க்கரை இன்னும் குறையும். தண்ணீர் நிறையக் குடி. இல்லாவிட்டால் நார் கூடும்போது மலம் இறுகும்.

3. இட்லியிடம் எதிர்பார்க்க வேண்டியதை மட்டும் எதிர்பார்

தாராவியில் மாவு அரைத்து, விடியுமுன் இட்லி ஊற்றி, அடுக்கில் வைத்து சைக்கிளில் நகரமெங்கும் கொண்டுபோகிற நம்மவர்களின் தொழிலே நுண்ணுயிரை நம்பித்தான் நடக்கிறது. இட்லி மாவைப் பொங்க வைப்பது எது என்று 1965-இல் முகர்ஜி, ஸ்டெயின்கிராஸ் முதலியோர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தார்கள். முக்கிய ஆள் லியூகோநாஸ்டாக் மெசென்டிராய்டஸ் என்ற பாக்டீரியா. அது பருப்போடும் அரிசியோடும் தானே வந்து சேர்கிறது, கடையில் வாங்கி ஊற்ற வேண்டியதில்லை.

ஆனால் ஒன்று: ஆவியில் வேகும்போது அவை செத்துவிடும். இட்லியால் லாபம் உண்டு, மாவு பாதி செரித்த நிலையில் கிடைக்கிறது. ஆனால் அதில் உயிரோடு யாரும் உன் குடலுக்குப் போவதில்லை. உயிரோடு வேண்டுமென்றால் வீட்டில் உறைய வைத்த தயிரும் மோரும் இருக்கின்றன. தயிர்ப் பாக்டீரியாக்களும் பெரும்பாலும் நிரந்தரமாகத் தங்குவதில்லை, போகிற வழியில் வேலை பார்த்துவிட்டுப் போகும். அதனால் என்றைக்கோ ஒரு சொம்பு குடிப்பதைவிடத் தினமும் ஒரு டம்ளர் மோர் நல்லது.

மே மாதப் புழுக்கத்தில் மாவு சீக்கிரம் பொங்கிவிடும். சாயங்காலம் அரைத்தால் படுக்கப்போகுமுன் ஒருமுறை பார்த்து, பொங்கியிருந்தால் ஃபிரிட்ஜில் வை.

4. பழைய சோறு: சரி, ஆனால் மும்பை முறைப்படி

வெந்த சோறு ஆறும்போது மாவுச்சத்தின் ஒரு பகுதி மறுபடி இறுகி, சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை போகும். அங்கே அது பாக்டீரியாக்களுக்குச் சாப்பாடு. தண்ணீர் ஊற்றி வைத்த ராத்திரியில் லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் வளர்ந்துவிடும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் பழைய சோற்றையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார்கள்.

எச்சரிக்கையும் கேள். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் விதைகள் சோறு வெந்தாலும் சாவதில்லை. வெதுவெதுப்பில் மணிக்கணக்காகக் கிடந்த சோற்றில் அவை முளைத்து நஞ்சு சுரக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடுபண்ணினாலும் போகாது. அதனால் குக்கரிலேயே மதியத்திலிருந்து கிடந்த சோறு வேண்டாம். ராத்திரி வடித்ததைப் பரப்பி ஆறவைத்து, கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்றி மூடு, காலையிலேயே சாப்பிட்டு முடி. இரண்டாம் நாளுக்கு மிச்சம் வைக்காதே. கொழகொழப்போ துர்நாற்றமோ இருந்தால் தயங்காமல் கொட்டு. கைக்குழந்தைக்கும், கீமோ மாதிரி சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் பழைய சோறு வேண்டவே வேண்டாம். சர்க்கரை இருப்பவர்கள் அளவைப் பார்த்துச் சாப்பிடட்டும்.

5. பிள்ளை பிறந்தால் சேனை வேண்டாம், சீம்பால் போதும்

திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் பிறந்த குழந்தை நாக்கில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு வைக்கும் ‘சேனை’ வழக்கம் தாராவி வரைக்கும் வந்திருக்கிறது. பெரியவர்கள் ஆசையாகத்தான் செய்கிறார்கள். அதைத் தடுக்க உனக்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டும்.

தாய்ப்பாலில் லாக்டோஸுக்கும் கொழுப்புக்கும் அடுத்து அதிகமாக இருக்கும் திடப்பொருள் ஒலிகோசாக்கரைடு என்ற சர்க்கரைக் கூட்டம், நூற்றுக்கும் மேற்பட்ட வகை. வேடிக்கை என்னவென்றால் குழந்தையால் அதைச் செரிக்கவே முடியாது. செரிப்பது பிஃபிடோபாக்டீரியம் இன்ஃபான்டிஸ் போன்ற பாக்டீரியாக்கள். பிள்ளைக்குள் குடியேற வேண்டிய நல்லவர்களுக்கும் சேர்த்துத் தாய் பால் சுரக்கிறாள். பரிணாமம் இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்லும்?

தேனில் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் விதைகள் இருக்கக்கூடும். பெரியவர்கள் குடலில் அது முளைக்காது. எட்டரை மணி ஹார்பர் லோக்கலில் செம்பூரில் ஏறப் பார்ப்பவருக்கு நிற்கக்கூட இடமில்லாதது போல, அங்கே எல்லா இடமும் நிரம்பியிருக்கும். பிறந்த குழந்தையின் குடல் காலியாக இருப்பதால் அது முளைத்து, தசைகளைச் செயலிழக்க வைக்கும் நஞ்சைச் சுரக்கலாம். ஒரு வயது முடியும்வரை தேன் கூடாது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம்.

சிசேரியனா? குற்ற உணர்ச்சி வேண்டாம். பிரிட்டனில் 596 குழந்தைகளைப் பார்த்த 2019 ஆய்வில், சிசேரியன் குழந்தைகளிடம் தாயிடமிருந்து வரும் பாக்டீராய்ட்ஸ் வகை குறைவாகவும், ஆஸ்பத்திரிச் சூழலில் உள்ள கிருமிகள் அதிகமாகவும் இருந்தன. பால் மறக்கும் வயதுக்குள் அந்த வித்தியாசம் பெரும்பாலும் சுருங்கிவிட்டது. சீக்கிரம் பால் கொடுக்கத் தொடங்கு, பிள்ளையை மார்போடு அணைத்து வை.

பால் சுரக்கவில்லை, பிள்ளை குறைப்பிரசவம் என்றால் பவுடர் டப்பாவை எடுக்குமுன் தாய்ப்பால் வங்கி இருக்கிறதா என்று கேள். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-இல் தொடங்கியது நம் தாராவிக்குப் பக்கத்திலேயே, சயான் லோகமான்ய திலக் மாநகராட்சி ஆஸ்பத்திரியில். தொடங்கியவர் குழந்தை மருத்துவர் டாக்டர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ். தானமாக வரும் பாலைச் சூடுபண்ணிக் கிருமி நீக்கித்தான் கொடுப்பார்கள். அந்தச் சூட்டிலும் ஒலிகோசாக்கரைடுகள் அழிவதில்லை. அதே டாக்டர் 1999-இல் தொடங்கிய ஸ்நேஹா அமைப்பு தாராவியில் தாய்-சேய் நலத்துக்காக வேலை செய்கிறது. உனக்குப் பால் மிகுதியாக இருந்தால் ஆஸ்பத்திரியில் கேட்டுத் தானம் கொடு.

6. ஸ்ட்ரிப்பில் சிவப்புக் கோடு இருக்கிறதா, பார்

ஆண்டிபயாட்டிக் உயிர் காக்கும் மருந்து. ஆனால் அதற்கு நல்லவன், கெட்டவன் தெரியாது. 2018-இல் வெளியான டென்மார்க் ஆய்வில், ஆரோக்கியமான 12 ஆண்களுக்கு மூன்று கடுமையான ஆண்டிபயாட்டிக்குகளை நான்கு நாள் கொடுத்துப் பார்த்தார்கள். குடல் கூட்டம் பழைய நிலைக்குக் கிட்டத்தட்டத் திரும்ப ஒன்றரை மாதம் ஆனது. முன்பு எல்லோரிடமும் இருந்த ஒன்பது வகைகள் ஆறு மாதம் கழித்தும் பெரும்பாலானவர்களிடம் கண்ணில் படவில்லை.

சளி, சாதாரண இருமல், ஃபுளூ எல்லாம் வைரஸ். அதற்கு ஆண்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. மருந்துப் பட்டையின் பின்பக்கம் நெடுக ஒரு சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டில்லாமல் வாங்கக்கூடாது என்று அர்த்தம். 2014 மார்ச் முதல், மருந்து விதிகளின் ஹெச்1 பட்டியலில் உள்ள மருந்துகளை விற்கும் கடைக்காரர், வாங்கியவர் விவரத்தைப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் மீந்த மாத்திரையை வாங்கிப் போடாதே, உன் வீட்டில் மீந்ததையும் கொடுக்காதே.

இதைப் படித்துவிட்டு டாக்டர் கொடுத்த மருந்தைப் பாதியில் நிறுத்தினால் அக்காவுக்குக் கோபம் வரும். குறிப்பாக டிபி மருந்து. குடல் பாக்டீரியா போனால் பெரும்பாலும் திரும்பி வரும். பாதியில் விட்ட டிபி, மருந்துக்கு அடங்காத டிபியாகத் திரும்பி வரலாம்.

7. லூஸ் மோஷனுக்கு முதலில் ஓ.ஆர்.எஸ்.

மழைக்காலம் வந்தால் இந்த ஊரில் வீட்டுக்கு ஒருவருக்கு வயிற்றுப்போக்கு. கெமிஸ்டிடம் போனதும் ஆஃப்லாக்சசின்-ஆர்னிடசோல் கூட்டு மாத்திரை கையில் வந்து விழும். பெரும்பாலான தண்ணீர் வயிற்றுப்போக்குக்கு அது தேவையே இல்லை. 1971-இல் வங்கதேச அகதிகள் குவிந்த போன்காவ் முகாமில் டாக்டர் திலீப் மஹாலநபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுத்தே காலராக்காரர்களைக் காப்பாற்றினார்.

ஓ.ஆர்.எஸ். என்பது அந்த உப்பு-சர்க்கரைக் கலவைதான். பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒன்று. அளவு பாக்கெட்டிலேயே இருக்கும், பாதி பாதியாகக் கலக்காதே. பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. குழந்தைக்கு 14 நாள் ஜிங்க் மாத்திரையும் வேண்டும், அளவை டாக்டரிடமோ மாநகராட்சி ஹெல்த் போஸ்ட்டிலோ கேள். தாய்ப்பாலை நிறுத்தாதே.

நம் கஞ்சிக்கு இதில் ஒரு பங்கு உண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவர் பி.எஸ்.ராமகிருஷ்ணா குழுவினர் காலரா நோயாளிகளுக்கு ஓ.ஆர்.எஸ்.ஸோடு செரிக்காத சோள மாவுச்சத்தைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்து 2000-இல் எழுதினார்கள். வெளியேறிய நீர் குறைந்தது, நோயும் சீக்கிரம் நின்றது. மாவுச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் அமிலமாக்க, அந்த அமிலம் உப்பையும் நீரையும் குடல் உறிஞ்ச உதவியது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் நீயாக மாவு கலக்க வேண்டாம். வயிற்றுப்போக்கு என்று பிள்ளையைப் பட்டினி போடாமல் கஞ்சியும் குழைந்த சோறும் கொடு, அது போதும்.

8. பாட்டிலுக்கும் டெஸ்ட்டுக்கும் காசைக் கொட்டாதே

புரோபயாட்டிக் பொய் என்று அக்கா சொல்லவில்லை. ஒடிசா கிராமங்களில் 4,500-க்கும் மேற்பட்ட பச்சிளங் குழந்தைகளுக்கு, பிறந்த சில நாட்களில் ஒரு வாரம் லாக்டோபாசில்லஸ் பிளான்டாரம் பாக்டீரியாவையும் அதற்கான சர்க்கரை உணவையும் கொடுத்தார்கள். ரத்தத்தில் கிருமி பரவும் செப்சிஸும் இறப்பும் சேர்த்து 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாகக் குறைந்ததாக 2017-இல் முடிவு வெளியானது. சரியான கிருமி, சரியான வயது, கூடவே அதற்கு உணவு. அந்த மூன்றும் கூடியதால் பலித்தது.

கடைப் பாட்டிலுக்கு இந்த உத்தரவாதம் கிடையாது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2018-இல் பார்த்தபோது, ஆண்டிபயாட்டிக் முடித்த பிறகு புரோபயாட்டிக் சாப்பிட்டவர்களின் சொந்தக் கூட்டம் திரும்பி வரத் தாமதமானது. பெரும்பாலான வயிற்று நோய்களுக்குப் புரோபயாட்டிக்கைப் பரிந்துரைக்கப் போதுமான ஆதாரம் இல்லை என்றது அமெரிக்கக் குடல் மருத்துவர் சங்கத்தின் 2020 வழிகாட்டி. மலத்தை அனுப்பினால் உன் பாக்டீரியா ஜாதகம் சொல்கிறோம் என்கிற டெஸ்ட்டும் வேண்டாம். அதை வைத்து டாக்டர் உனக்குச் செய்யக்கூடியது இப்போதைக்கு மிகக் குறைவு. அந்தக் காசுக்கு ஒரு மாதத்துக் காய்கறி வரும்.

9. சைவம் என்றால் பி12-ஐ மறக்காதே

பி12 வைட்டமினை எந்தச் செடியும் விலங்கும் செய்வதில்லை. உலகத்தில் இருக்கும் அத்தனை பி12-உம் நுண்ணுயிர் செய்தது. மாட்டின் இரைப்பையில் உள்ள கிருமிகள் செய்ததுதான் பாலில் நமக்கு வருகிறது. நம் பெருங்குடலிலும் பாக்டீரியாக்கள் அதைச் செய்கின்றன. ஆனால் நாம் உறிஞ்சும் இடம் அதற்கு முந்திய சிறுகுடலின் கடைசிப் பகுதி, அதனால் பெருங்குடலில் உண்டானது பயன்படாமல் போகிறது. தென்னிந்தியர்களின் சிறுகுடலில் உள்ள சில பாக்டீரியாக்களும் பி12 செய்ய வல்லவை என்று வேலூர் சி.எம்.சி.யின் ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் மூவரும் 1980-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள்.

அதை நம்பி உட்கார்ந்துவிட முடியாது. பாலும் தயிரும் தினமும் வேண்டும், முட்டை சாப்பிடுவாய் என்றால் நல்லது. கை கால் மரத்துப்போதல், ஓயாத களைப்பு, வாய்ப்புண் இருந்தால் ரத்தத்தில் பி12 பார்க்கச் சொல். மாமியாரோ மாமனாரோ வருடக்கணக்காக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார்கள் என்றால் அவர்களுக்கும் பார். அந்த மருந்து பி12 உறிஞ்சுவதைக் குறைக்கும்.

10. ‘அழுக்கும் நல்லது’ என்பதை மும்பையில் நம்பாதே

மண்ணில் விளையாடினால் நல்ல கிருமி வரும் என்று ஃபார்வர்டு வரும். தோட்டத்து மண் வேறு, நம் சந்துச் சாக்கடை வேறு. எட்டு நாடுகளில், வேலூர் உட்பட எட்டு இடங்களில், பிறந்ததிலிருந்து குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்த மால்-எட் ஆய்வில், வயிற்றுப்போக்கு இல்லாத நாட்களிலும் பிள்ளைகளின் குடலில் நோய்க்கிருமிகள் இருந்தன. அவற்றில் சில, குழந்தையின் வளர்த்தியையே குறைத்தன.

குழாயில் தண்ணீர் வந்ததும் முதலில் விழுவதைப் பாத்திரம் கழுவ எடுத்துக்கொள். குழாய் காலியாகக் கிடந்த நேரத்தில் ஓட்டை வழியாகச் சாக்கடை கசிந்திருக்கலாம். குடிக்கும் தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிடு. கையை விட்டு மொள்ளாமல், குழாய் வைத்த பாத்திரத்தில் ஊற்றி வை. கழிப்பறை போய் வந்ததும், பிள்ளைக்கு ஊட்டுமுன்னும் சோப்பு போட்டுக் கை கழுவு. சாதாரண சோப்பு போதும், கிருமிநாசினி சோப்பு தேவையில்லை.

எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்?

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, விடாத காய்ச்சல் இருந்தால் மோரும் கஞ்சியும் மருந்தாகாது. குழந்தைக்குக் கண் குழிந்து, சிறுநீர் குறைந்து, துவண்டு கிடந்தால் அந்த மணி நேரமே ஆஸ்பத்திரி.

பத்தையும் ஒரே நாளில் தொடங்காதே. இந்த வாரம் அரைக் கிலோ மட்கியும் ஒரு கட்டு லால் மாட்டும் வாங்கு, அடுத்த முறை கெமிஸ்ட் கடையில் நிற்கும்போது ஸ்ட்ரிப்பைத் திருப்பிப் பார். இந்த இரண்டைச் செய்தாலே குடலுக்கு நல்லது தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்.